சொல்லிக்கொண்டு போனவர்கள்

மழை வலுத்ததும் கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் நுழைந்தார்கள். அது ஒரு தையல் கடை. ஷட்டர் பாதி ஏறி நின்றிருந்தது. பெரியவள் குனிந்து எட்டிப் பார்த்தாள். ஆள் அரவம் இல்லை. தங்கையைக் கைத்தாங்கலாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அரசாங்கம், கரண்ட், கடைகண்ணி என்று எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு, இப்படி எத்தனையோ வீடுகளில் நுழைந்தாயிற்று. அம்மாவையும் வழியிலேயே புதைத்தாயிற்று. அணைக்கட்டுப் பக்கம் ஒரு முகாம் இருக்கிறது, அங்கே டாக்டர் இருக்கிறார் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னதை நம்பித்தான் இந்த நடை. சின்னவளின் குதிகாலில் ஆணி குத்திய புண் பழுத்து, உடம்பு அனலாய்க் கொதித்தது. அவளை உயிரோடு டாக்டரிடம் சேர்க்க வேண்டும். பதினேழு வயதுப் பெரியவளின் தலையில் வேறு எதற்கும் இடம் இல்லை.

கடைக்குள் நனைந்த துணியின் முடைநாற்றம். தையல் மிஷினின் ஊசிக்கடியில் பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டை ஒன்று அப்படியே இருந்தது. பின்னறைக் கட்டிலில் ஒரு பெண், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். செத்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். உடம்பு விறகாய் வற்றியிருந்தது. ஒரு காலில் மாவுக்கட்டு. நடக்க முடியாதவளை விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். பரண்மேல் ஒரு டின் பிஸ்கட் இருந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவளால் அதை எட்டியிருக்க முடியாது.

பெரியவளுக்குப் பயம் வரவில்லை. பயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. டின்னை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

மழை விட்டதும் கிளம்பினார்கள். வாசலில் சின்னவள் நின்று பின்னறையைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தர் வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்பக்கூடாது என்பது அம்மா வளர்த்த வளர்ப்பு.

"போயிட்டு வரேன் ஆன்ட்டி."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தே எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"சரிம்மா. சீக்கிரம் வா."

குரல் பின்னறையிலிருந்து வந்தது.

அவர்கள் ஓடினார்கள். மூச்சு வாங்கி நின்றார்கள், பிறகு நடந்தார்கள். அணைக்கட்டுக்கு ஒரே நேர்சாலை. வெயில் சாயும் நேரத்தில் சாலை ஒரு வளைவில் திரும்பியது.

பாதி ஏறிய ஷட்டர்.

மறுநாள் சாலையே வேண்டாம் என்று ரயில் தண்டவாளத்தோடு நடந்தார்கள். மேட்டிலிருந்து இறங்கினால் அதே ஷட்டர். உள்ளே மிஷின் ஓடும் சத்தம். யாரோ நிதானமாக, அவசரமே இல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னவளால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கண் செருகிக்கொண்டு போனது. இன்னும் ஒரு நாள் இப்படிச் சுற்றினால் டாக்டரே தேவைப்படாது. அவளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் பெரியவளுக்கு விஷயம் உறைத்தது. வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. தவறிச் சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள். அதனால் வாய் தானாக 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்லும். உள்ளே ஒருத்தி அதை அப்படியே நம்பிவிட்டாள்.

ஆளே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த மிஷினைத் தாண்டிப் பெரியவள் பின்னறைக்குப் போனாள்.

சுவர்ப்பக்கம் இருந்த முகம் இப்போது வாசலைப் பார்த்திருந்தது.

"அவ சும்மா பேச்சுக்குச் சொன்னா," என்றாள் பெரியவள். "நாங்க வரமாட்டோம். போறோம். விட்டுடுங்க."

"நீ போ." உதடுகள் அசையவில்லை. "நீ ஒண்ணும் சொல்லலையே. சின்னவதானே சொன்னா."

"அவ குழந்தைங்க. ஜுரம் வேற."

"என் வீட்டுக்காரரும் பேச்சுக்குத்தான் சொன்னாரு. என் பசங்களும் அதேதான் சொன்னாங்க. நான் வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன்."

பெரியவளுக்கு அவள்மேல் பயத்தைவிடப் பரிதாபம் அதிகமாக இருந்தது. அதற்காகத் தங்கையைக் கொடுக்க முடியுமா?

"அவளுக்குப் பதிலா நான் சொல்றேன். அவளை டாக்டர்கிட்ட விட்டுட்டு நான் வரேன். சத்தியமா."

முன்னறையில் மிஷின் நின்றது.

"நீ வரமாட்ட. உன் குரல்லயே தெரியுது." நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. "பரவால்ல. கூட்டிட்டுப் போ."

பெரியவள் தங்கையை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தாள். தங்கை முன்னைவிடக் கனமாக இருந்தாள். தன் சோர்வுதான் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். இந்த முறை சாலை எங்கும் வளையவில்லை. பொழுது புலரும்போது முகாமின் கம்பிவேலி தெரிந்தது.

டாக்டர் புண்ணைக் கீறிச் சீழை எடுத்து ஊசி போட்டார். "பொழைச்சுக்குவாம்மா," என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பெரியவள் வாய்விட்டு அழுதாள். மதியத்துக்குள் காய்ச்சல் இறங்கியது. வெளியே ரொட்டிக்கு வரிசை நின்றது. தங்கை தூங்கட்டும் என்று அவள் எழுந்தாள்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

சின்னவளின் கைதான். பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

"சின்னவ தூங்கறா, எழுப்பாத," என்றது சின்னவளின் வாய். "நீ எங்கம்மா கிளம்பிட்ட?"

கூட்டிட்டுப் போ என்று கடையில் கிடந்தவள் சொன்னது, தன்னையும் சேர்த்துத்தான் என்பது பெரியவளுக்கு இப்போது புரிந்தது. ஓடலாம். ஓடினால் சின்னவளையும் விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும்.

"எங்கயும் இல்ல," என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள் பெரியவள்.

பிடி தளரவில்லை.