கொஞ்ச நேரம் கண்ணை மூட

அறைக்குள் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

சமையலறையில் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்த சாம்பவி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையைப் பார்த்தபடி இருந்த அந்த மேல்மாடி வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான். பொழுது சாய்கிற நேரம். காலி வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தமும், கீழ்வீட்டில் மீன் பொரிக்கிற மணமும், உப்புக்காற்றும் ஒன்றாகக் கலந்து யன்னலால் உள்ளே வந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று மனதைத் தேற்றப் பார்த்தாள். ஆனால் நீண்டு இழுபட்டு, கடைசியில் ஒரு முனகலோடு முடிகிற அந்தக் கொட்டாவியை அவளுக்குத் தெரியும். அது அவளுடைய கணவன் சாரங்கனுடையது.

செத்துப்போன சாரங்கனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை.

ஒரு கொம்பனி முதலாளியின் சொந்த ஜெட் விமானத்தை ஓட்டியவன் அவன். முதலாளி நினைத்தால் மாலைதீவு, நினைத்தால் சிங்கப்பூர்.

"எயார்லைன்காரருக்கு இவ்வளவு நேரத்துக்கு மேல ஓடக்கூடாதெண்டு கணக்கிருக்கு. எங்களுக்கு அவர் வைச்சதுதான் சட்டம்," என்பான். "அவர் மீட்டிங்கில இருக்கேக்க நாங்கள் எயார்போட் கதிரையில குந்தியிருக்கிறமே, அதையும் ரெஸ்ட் எண்டுறாங்கள்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வான். கண் மட்டும் சிவந்திருக்கும்.

கடைசி நாள், விடியப்புறம் வந்து சப்பாத்தோடு கட்டிலில் விழுந்தவனை வெயில் ஏறுமுன்னே திரும்பக் கூப்பிட்டார்கள்.

"ஏலாதெண்டு சொல்லுங்கோவன்," என்று சாம்பவி அவன் கையைப் பிடித்தாள்.

"ஹியூபேட்டும் படுக்கேல்லை. பாவம், அவனைத் தனிய விடேலாது. மாறி மாறிக் கண்ணை மூடுவம். ஒருத்தன் முழிச்சிருந்தாக் காணும்."

ஹியூபேட் கொட்டாஞ்சேனைப் பெடியன், துணை விமானி. அவளை வாய் நிறைய அக்கா என்பான். முதலாளியை ஏற்றிவர இருவரும் வெறும் விமானத்தோடு போனார்கள். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டியும் அது நேராகப் போய்க்கொண்டே இருந்ததாம். கீழேயிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் மறுமொழி இல்லையாம். எரிபொருள் தீரும்வரை பறந்து கடலில் விழுந்தது. உடல்கள் கிடைக்கவில்லை.

சாம்பவி கரண்டியை வைத்துவிட்டு அறை வாசலுக்குப் போனாள். கடல் மணம். யன்னலால் வருகிற மணமல்ல, ஆழத்துச் சேற்றின் மணம். கட்டிலில் அவன் படுக்கிற பக்கம் மெத்தை அமிழ்ந்திருந்தது. அமிழ்ந்த இடத்தில் ஈரம். அது மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

பிறகு அவனே தெரிந்தான்.

வெள்ளைச் சட்டை. தோளில் விமானிக்குரிய பட்டி. குனிந்த தலை. சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவளுக்கு ஓடவேண்டும் என்று தோன்றியது. கால் முன்னால்தான் போனது.

"நித்திரை வருகுதில்லை, சாம்பவி. நீர் கொஞ்ச நேரம் முழிச்சிரும். நான் ஒருக்காக் கண்ணை மூடுறன்."

"ஓம்," என்றாள். "படுங்கோ. நான் இருக்கிறன்."

தலையணையைச் சரிசெய்து, அவன் தலையைத் தாங்கிச் சாய்த்தாள். தலைமயிர் ஐஸாகக் குளிர்ந்தது. அந்த நெற்றியை முன்பு போலவே தடவிவிட்டாள்.

பின்னால் ஈரச் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"அக்கா."

அவள் திரும்பவில்லை.

"எனக்கும் கொஞ்சம் இடம் இருக்கா அக்கா?"

அழுதுகொண்டே விலகினாள். மெத்தையின் மறுபக்கமும் அமிழ்ந்தது.

"ரெண்டுபேரும் படுங்கோ. நான் முழிச்சிருக்கிறன். படுங்கோ."

இருட்டிவிட்டது. விரலால் தடவிச் சாரங்கனின் இமைகளை மூடினாள். திறந்தன. மறுபடி மூடினாள். திறந்தன. அழுத்திப் பிடித்தாள். விரலுக்கடியில் அவை துடித்தன.

கீழே ரயில் போனது. அதன் வெளிச்சம் சுவரில் ஓடி, கட்டிலில் விழுந்தது.

இருவர். பக்கத்தில் பக்கத்தில். மல்லாந்து. நாலு கண்களும் சிவந்து, அகலத் திறந்து, சீலிங்கையும் தாண்டி நேரே எதையோ பார்த்தபடி.