பெரியப்பா விசாரிக்கிறார்

மைக் பெட்டிக்குள் டீயை ஊற்றியது டியூட்டர்தான். பூனை தட்டிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், நர்சிங் கல்லூரியின் அடித்தளத்திலிருந்த அந்தப் பயிற்சி அறைக்குள் பூனை வர வழியே இல்லை, ஜன்னல்கூடக் கிடையாது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கூண்டு. அந்தப் பக்கம் அசல் வார்டு போலவே ஒரு கட்டில், சலைன் கம்பி, மானிட்டர், கட்டிலில் மல்லாந்து கிடக்கும் ஆளுயர ரப்பர் பொம்மை. கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் பேசி, பொம்மைக்குக் குரல் கொடுப்பது டியூட்டரின் வேலை. ஒரு கையில் டீ, மறு கையில் மைக், வாயில் பன் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் திறமை தனக்கு உண்டென்று அவர் வெகுநாளாக நம்பிவந்தார். பெட்டி 'சுர்' என்றது. சர்க்கரை கருகும் வாசனை வந்தது. நம்பிக்கை அத்தோடு போயிற்று.

பொம்மைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பெரியப்பா. வழுக்கைத் தலை, லேசான தொப்பை, என்ன குத்தினாலும் அசராமல் கூரையைப் பார்த்துக் கிடக்கும் தோரணை என எல்லாப் பொருத்தமும் இருந்தது. பம்பு காற்றடிக்க அவர் நெஞ்சு ஏறி இறங்கும். இமைகள் சீராக மூடித் திறக்கும். உண்மையான நோயாளியிடம் போவதற்குமுன் பிள்ளைகள் இவரிடம்தான் ஊசி போட்டுப் பழகுவார்கள், பேசிப் பழகுவார்கள். "ஏம்மா, நரம்பைத் தேடறியா, கிணறு தோண்டறியா?" என்று மைக் வழியே பெரியப்பா கேட்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பையும் டியூட்டர் சம்பளத்தோடு சேர்த்தே கணக்கு வைத்திருந்தார்.

அன்றைக்கு முதல் மாணவி ஏற்கெனவே கட்டிலருகே போய் நின்றுவிட்டாள். 'பெரியப்பா இன்னைக்கு மயக்கத்துல இருக்காரு, பேச மாட்டாரு' என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு டியூட்டர் எழுந்தார். கூண்டின் மேலே, அந்தப் பக்கத்துச் சத்தத்தை இந்தப் பக்கம் கொண்டுவரும் ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தது.

"சாப்பிட்டியாம்மா?"

டியூட்டரின் குரல். அசலாக அவருடைய குரல். அவர் வாயிலோ பன் இருந்தது.

"சாப்பிட்டேன் பெரியப்பா."

"எப்போ?"

அவள் கையிலிருந்த ஊசித் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். "நேத்து" என்றாள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பொம்மை அவளை அழவிட்டது. நடுவில் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. டியூட்டரின் குரலிலிருந்து அந்தக் குரலைப் பிரித்துக்காட்டியது அது ஒன்றுதான்.

அந்த இடத்தில் பயந்திருக்க வேண்டும். ஆனால் டியூட்டருக்கு முதலில் வந்தது, சொன்னால் வெட்கம், ஒரு நிம்மதி. பெட்டி போனது பிரின்சிபால் மேடத்துக்குத் தெரியவேண்டியதில்லை. எங்கேயோ பழைய பேச்சு பதிவாகியிருக்கும், இயந்திரம் அதுவாக ஓட்டுகிறது, இந்தக் காலத்தில் எதுதான் பேசவில்லை என்று ஒரு விளக்கத்தைக் கட்டி முடித்து, பாக்கிப் பன்னையும் தின்று முடித்தார்.

வெளியே வந்த மாணவி முகம் கழுவியிருந்தாள். "தேங்க்ஸ் சார். இங்க சேர்ந்ததுலேருந்து யாருமே என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல."

'அது நான் இல்லம்மா' என்று சொல்ல வாய் திறந்தார். வெளியே வந்தது வேறு.

"ஏதோ, நம்மால ஆனது."

அந்த வாரம் முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்டியைத் திருகிக் கழற்றிப் பார்த்தார். வயர்கள் கருகி, பாகில் விழுந்த எறும்புகள்போல ஒட்டிக்கிடந்தன. வயரைப் பிடுங்கிப் போட்டார். மறுநாளும் பெரியப்பா பேசினார். தூக்கம் வருகிறதா என்று கேட்டார். வார்டில் யார் திட்டினார்கள் என்று கேட்டார். கால் வலிக்குமே, உட்காரேன் என்றார். ஒவ்வொருத்தியாக உள்ளே போய், ஒவ்வொருத்தியாகத் தெளிந்த முகத்தோடு வெளியே வந்தாள். டியூட்டர் கூண்டில் உட்காராமல் வராந்தாவில் நடந்தார். நடந்தால் காதுக்குள் அந்தப் பம்பின் 'ஸ்ஸ்' கூடவே வந்தது. மாடியேறினால், மாடியிலும்.

"உள்ள பெரியப்பா உன்கிட்ட என்ன பேசினாரு?" என்று ஒருத்தியை நிறுத்திக் கேட்டார்.

"நீங்கதானே சார் பேசினீங்க?" என்று சிரித்தாள் அவள்.

இன்னொருத்தியைக் கேட்டார். அதே பதில். அதே சிரிப்பு. பல்வரிசை தெரிந்த அளவுகூட அதேதான்.

பிரின்சிபால் மேடம் கூப்பிட்டனுப்பினார். மாணவிகளின் மனநலத்தைப் பேணுவது எப்படி என்று போன மாதம்தான் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தியிருந்தார். கடைசி வரிசையில் டியூட்டர் குறட்டை விட்டதும் அதே பயிற்சியில்தான்.

"ஹாஸ்டல்ல அழுகைச் சத்தமே இல்ல. லீவு கேட்டு யாரும் வர்றதில்ல. வார்டு சிஸ்டருங்க உங்க பிள்ளைங்க களைப்பே அடையறதில்லங்கறாங்க. தூங்கிட்டே இவ்வளவு கத்துக்கிட்டீங்களா?"

"மேடம், அது வந்து... பேசறது நான் இல்ல மேடம்."

"பாருங்க, இப்பவும் ஜோக்" என்று மேடம் சிரித்தார்.

வாழ்நாளெல்லாம் விளையாட்டாகவே பேசிய மனிதர் ஒரு தடவை மெய்யைச் சொன்னால் இந்தக் கதிதான். டியூட்டர் வழக்கப்படி தானும் சிரித்துவிட்டு வந்தார்.

எல்லோரும் தெளிந்துவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. அவளை மற்றவர்கள் மியூட் என்று கூப்பிடுவார்கள். அவ்வளவு சன்னமான குரல். வருகைக்குப் பெயர் கூப்பிட்டால், 'யெஸ் சார்' என்று அவள் சொல்வதைப் பக்கத்து நாற்காலிக்காரி எடுத்துச் சொல்லவேண்டும். வார்டு பயிற்சியின்போது ஒரு முதியவருக்கு இதயம் நின்றுபோக, நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தவள் அவள். கையின்கீழ் விலா முறிந்திருக்கிறது. அவரும் போய்விட்டார். மறுநாள் காலை அதே கட்டிலுக்கு அவளையே படுக்கை விரிக்க அனுப்பினார்கள். அதிலிருந்து கை நடுங்கியது, தூக்கமில்லை. கொஞ்சநாள் வீட்டுக்குப் போய்வரட்டுமா என்று டியூட்டரிடம்தான் வந்து கேட்டாள்.

"லீவா? பெரியப்பாவைப் பாரு, எத்தனை வருஷமா லீவே கேக்காம படுத்திருக்காரு!" என்றார் டியூட்டர்.

அவள் மரியாதைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போதெல்லாம் பாயில் உறுத்தும் கல்போல அவரைப் புரட்டிப்போட்டது. இந்தப் பிள்ளை உடைந்துபோனால் அது தன் தலையில்தான் என்று அவருக்குத் தெரியும். இன்னும் அவள் அந்த அறைக்குப் போகவில்லை, அது ஒன்றே ஆறுதல். அவள் முறை வரும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். ஏன் தள்ளிப்போடுகிறார் என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமலும் இருந்தார்.

வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தார். மதிய வெயில் ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது, மின்விசிறி முனகியது, எங்கோ வராந்தாவில் பினாயில் ஊற்றிக் கழுவும் வாசனை. முன்வரிசைப் பிள்ளைகள் இமைத்தார்கள். எல்லோரும் ஒன்றாக. தனக்குத்தான் கண் சொக்குகிறது என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். இரண்டாவது வரிசையும் இமைத்தது. தோள்கள் ஏறின, இறங்கின. ஏறின. இறங்கின. அத்தனை பேர் மூச்சும் சேர்ந்து அறைக்குள் மெல்லிய ஒரு 'ஸ்ஸ்'.

கடைசி வரிசையில் மியூட் மட்டும் தாறுமாறாக மூச்சு விட்டுக்கொண்டு, நடுங்கும் விரல்களைத் தொடைக்கடியில் ஒளித்துவைத்திருந்தாள். அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் டியூட்டருக்குக் கட்டிப்பிடித்து அழலாம்போல இருந்தது.

ஆசிரியர் அறைக்கு வந்து மனைவிக்கு போன் போட்டார்.

"நான் சரியாத்தான் இருக்கேனா?"

"இதைக் கேக்கவா போன்? கல்யாணமான நாள்லேருந்து எனக்கும் அதே சந்தேகம்தான்."

"விளையாடாத. ஒரு பிள்ளைக்கு நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மனைவி சொன்னாள்: "அப்ப அதைச் சரிபண்ணிட்டு வீட்டுக்கு வாங்க. முதல்ல அந்தப் பிள்ளையோட வீட்டுக்குச் சொல்லுங்க."

சொன்னார். மியூட்டுக்கு அண்ணன் ஒருவன் இருந்தான், லாரி பட்டறையில் வெல்டர். "பாப்பா என்கிட்ட ஒண்ணுமே சொல்லல சார். இதோ கிளம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னான். மாலை வகுப்பு முடிவதற்குள் பைக்கில் வந்து கல்லூரி வாசலில் நின்றான். சட்டையில் நெருப்புப்பொறி சுட்ட ஓட்டைகள்கூட மாறவில்லை.

டியூட்டர் ஓடிப்போய் பிரின்சிபால் மேடத்திடம் சொன்னார். "அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பறேன் மேடம். நீங்க என்னை என்ன செஞ்சாலும் சரி."

"அனுப்புங்களேன், நான் எதுக்கு வேண்டாங்கறேன்?" என்றார் மேடம். "ஆனா வீட்ல போய் என்ன தெளியப்போறா? மத்தவங்க எல்லாரும் உங்க பெரியப்பாகிட்டதானே சரியானாங்க. அதான் அவளையும் கீழ அனுப்பி வெச்சேன். ரொம்ப நேரமாச்சே, நீங்க இன்னும் போகலையா?"

அவர் ஓடினார்.

படிகள். அடித்தளத்து ட்யூப்லைட்டின் ரீங்காரம். ரப்பர், ஸ்பிரிட், பழைய பவுடர் எல்லாம் கலந்த அந்த மூடிய வாசனை, இன்றைக்கு அதில் புதிதாக ஒன்று: வியர்வை. பல பேருடைய வியர்வை. கூட்டம் நிறைந்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதுபோல.

கதவைத் தள்ளினார்.

கூட்டம் இல்லை. மியூட் மட்டும் கட்டிலருகே நின்று, விரிப்பின் மூலையை மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள். அழகாக. ஒரு சுருக்கமில்லாமல். கை ஆடவில்லை.

"வாங்க சார்" என்றாள்.

அறையின் நாலு மூலைக்கும் கேட்டது அந்தக் குரல்.

"உங்கண்ணன் வந்திருக்காரும்மா. நீ வீட்டுக்குப் போ. லீவெல்லாம் நான் பார்த்துக்கறேன். அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பும்மா."

"எதுக்கு சார் தப்பு அது இதுன்னுட்டு? எனக்குத்தான் ஒண்ணுமில்லையே."

இமைத்தாள். சீராக.

டியூட்டர் அவளைப் பார்க்க முடியாமல் கட்டிலைப் பார்த்தார். பெரியப்பா கூரையைப் பார்க்கவில்லை. பொம்மை டியூட்டரைப் பார்த்தது. அதன் இமைகள் தாறுமாறாக அடித்துக்கொண்டன. பம்பு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் நெஞ்சு அதன் தாளத்துக்கு ஏறவில்லை. ஒரு பக்கம் ஏறியது. மறுபக்கம் துடித்தது. நடுவில் புடைத்தது. போர்வைக்கடியில் நிறையப் பேர் புரண்டு படுப்பதுபோல.

அவள் தன் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி நீட்டினாள்.

"கேக்கறீங்களா சார்?"

வேண்டாம் என்றுதான் நினைத்தார். கை வாங்கிக்கொண்டது. பழக்கம். காதில் மாட்டினார். ரப்பர் நெஞ்சில் வைத்தார். ரப்பர் சூடாக இருந்தது.

முதலில் இரைச்சல். பிறகு அது பிரிந்தது. கதவைத் தட்டும் சத்தம். பல கதவுகள். இருமல். விசும்பல். எல்லாம் பெண்பிள்ளைகளின் குரல்கள். யாரோ அம்மாவைக் கூப்பிட்டாள். யாரோ எண்களைத் தப்புத்தப்பாகச் சொல்லி ஏதோ மருந்தளவைத் திரும்பத் திரும்ப ஒப்பித்தாள். ஒரு ஹாஸ்டலே இருந்தது உள்ளே. எல்லோரும் விழித்திருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கருவிக்கு வெகு அருகில், ஒரு குரல். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டால்தான் காதில் விழும் அளவுக்குச் சன்னமாக.

"சார்... இங்கயும் தூக்கம் வரல சார்."

படிக்கட்டில் செருப்புச் சத்தம். "பாப்பா! கிளம்பலாமா?"

"வந்துட்டேண்ணா!" என்றாள் கட்டிலருகே நின்றவள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

ஒரு ஜோக், ஏதாவது ஒரு ஜோக், எங்கேயாவது ஒன்று மிச்சம் இருக்காதா என்று டியூட்டர் தேடினார். இல்லை.

"அவ எங்க?" என்றார். "நீ யாரு?"

அவள் வாசலில் நின்று திரும்பினாள். பேச வாய் திறந்ததும், அவர் காதுக்குள் அத்தனை அழுகையும் ஒரே சமயத்தில் அடங்கிப்போயிற்று. வந்தது டியூட்டரின் சொந்தக் குரல். பொறுமையாக, பிரியமாக, விளையாட்டே இல்லாமல்.

"உள்ள இருக்கா சார். எல்லாப் பிள்ளைங்களும் உள்ளதான் இருக்காங்க. படுக்க ஒரு எடம் கேட்டாங்க, என் எடத்தைக் கொடுத்தேன். மேல நடமாடிட்டு இருக்கறது அத்தனையும் நான்தான்."