இடிக்குப் பிறகு கைதட்டியவர்

"கண்டனீங்களோ? திமிங்கிலம் வாலைத் தூக்கி அடிச்சது!"

"ஓம், கண்டனான். நல்ல வடிவு."

அலாஸ்காக் கரையோரம், சின்னக் கப்பலின் மேல்தட்டில் ஜெயமலருக்குக் கணவர் நவரட்ணம் சொன்ன பதில் அது. கரடிக்கும் அதுதான். கடல்நாய்க்கும் அதுதான். மில்லிக்கன் பகுதியிலுள்ள தங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அவளுக்கு அது நெருடியது. உடுப்புத் தோய்க்கவென்று அவருடைய பெட்டியைத் திறக்கப் போனபோது, "நானே தோய்ப்பன்" என்று தடுத்தாரே, அது அதைவிட விசித்திரம்.

சனி மாலை. நவரட்ணம் சோபாவில் இருந்தார். எதிரே ஹலீம் மடிக்கணினியை விரித்திருந்தார். வோபர்னில் கடை வைத்திருப்பவர். அவர்களோடு கப்பலில் வந்தவர். பனியாற்றைப் பார்த்த அன்றுதான் அவருடைய தொலைநோக்கி காணாமற்போனது.

"கப்பலில அறை துப்புரவாக்கிற மக்டலீன்தான் எடுத்தவள், அக்கா. கப்பல் கொம்பனிக்கு எழுதப்போறன்."

"அவளின்ர வேலை போயிடும்."

"கள்ளிக்கென்ன வேலை?"

ஜெயமலர் பேரங்காடி ஒன்றில் திருட்டுப் பிடிக்கும் உத்தியோகம் பார்த்தவள்.

"கடைசியா எங்க வைச்சனீங்கள்?"

"மேல்தட்டில, இருக்கிற வாங்கில. பக்கத்தில அண்ணை நிண்டவர்."

"மக்டலீன் அங்க வந்தவளோ?"

"காணேல்லை. ஆனா..."

"நீங்கள் எடுத்த வீடியோவைப் போடுங்கோ."

திரையில், மேல்தட்டில் ஆட்கள், அப்பால் நீலமாய்ப் பனியாறு. அதன் சுவரில் ஒரு துண்டு சத்தமின்றிச் சரிந்தது. எல்லோரும் கத்தினார்கள். நவரட்ணம் மட்டும் சிரித்த முகமாய் வேறெங்கோ பார்த்தபடி நின்றார். பிந்தித்தான் இடிபோல் ஒலி வந்து சேர்ந்தது. அவர் கைதட்டினார்.

"திரும்பப் போடுங்கோ."

இரண்டாம் முறை பார்த்ததும் அவளுக்கு முகம் சுட்டது. எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவளுக்கு, தன் வீட்டுச் சோபாவைத் திரும்பிப் பார்க்கக் கூசியது.

"எழுதாதேங்கோ, ஹலீம். எடுத்தது இவர்."

"அண்ணையோ? பகிடி விடாதேங்கோ!"

"கண்ட ஆக்கள் ஐஸ் சரியேக்க கத்தினவை. இவர் சத்தத்துக்குத்தான் கைதட்டினவர். இவருக்குக் கண் சரியாத் தெரியேல்லை. நீங்களோ, 'இதால பாருங்கோ அண்ணை, எத்தினை குட்டி?' எண்டு நெடுகக் கேட்டனீங்கள். பதில் சொல்ல ஏலாமல் ஒளிச்சிட்டார். பெட்டிக்குள்ள இருக்கும்."

நவரட்ணம் எழுந்தார். சுவரைத் தடவியபடி உள்ளே போய், கம்பளிச் சட்டையில் சுற்றிய தொலைநோக்கியோடு வந்தார். தலை நிமிரவில்லை.

"அந்தப் பிள்ளையில பழி விழேக்கையும் வாயை மூடிக்கொண்டிருந்தனான். அதுதான் பெரிய வெக்கம்."

ஹலீம் மடிக்கணினியை மெல்ல மூடினார்.

ஊரார் கைகளையெல்லாம் கவனித்த ஜெயமலர், பக்கத்திலிருந்த கண்களைக் கவனிக்கவில்லை. நேற்றும் ஸ்டீல்ஸ் வீதியில் அவர்தான் காரோட்டினார். சிவப்பு விளக்கில் சடுதியாய் பிரேக் போட்டபோது, "நித்திரையோ?" என்று நக்கலடித்தவள் அவள்.

அவர் பொக்கற்றிலிருந்து கார்த் திறப்பை எடுத்தார். அவள் கையைத் தேடிப் பிடித்து, அதற்குள் வைத்தார்.

"கன நாளாக் கேக்க நினைச்சனான், மலர். இனி நீ ஓட்டுறியே?"