மண் குடிக்கும் சத்தம்

வாசலைப் பார்த்து வைத்த கண்மலர் கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

எலி உருட்டியிருக்கும் என்றுதான் இசக்கிச்செல்வி முதலில் நினைத்தாள். சுவரோரம் குத்தவைத்து அந்த மண் உருண்டையைப் பழையபடி வாசலுக்குத் திருப்பி வைத்தாள். கோயிலில் தரும் புற்றுமண்ணைச் சேர்த்து வைத்து அவளே பிசைந்து பிடித்த உருண்டை, ஒரு தேங்காய் அளவு இருக்கும். அதில் இரண்டு வெள்ளித்தகட்டுக் கண்களைப் பதித்திருந்தாள். வழக்கப்படி அந்தக் கண்மலர் உண்டியலுக்குப் போக வேண்டியது. கண்வலி வந்தவர்கள் கண் வாங்கிப் போடுவார்கள், வீட்டில் பாம்பு அண்டினால் பாம்புத் தகடு வாங்கிப் போடுவார்கள். இவள் உண்டியல் வரைக்கும் போய், போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். சாமிக்கு இந்த வீடு தெரியவில்லை, தெரிந்தால் சும்மா இருக்குமா என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கண்ணையே கொண்டுவந்து வைத்துவிட்டால் பார்க்காமல் எங்கே போகும்.

உருண்டையை வைத்த அன்றைக்கு அவள் புருஷன் சங்கரலிங்கம் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தான். "ஏட்டி, சாமிக்கே கண்ணாஸ்பத்திரி நடத்துதியாக்கும்."

"சிரிக்காதீய. இருமல் வந்துரும்."

"அவன் பேரத்தான் எனக்கு வச்சிருக்கு. ஆடித்தவசுக்குக் கோயிலச் சுத்திச் சுத்தியே காலு தேஞ்சு போச்சு. அவனுக்கு என் வீடு தெரியாதாம்."

தறிக்காரன். இருபது வருஷம் நின்றே வேலை பார்த்த முதுகுத்தண்டில் கேன்சர் பரவிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மாத்திரை கொஞ்ச நேரம்தான் தாங்கும். அவன் பிழைக்க வேண்டும் என்றுகூட இப்போதெல்லாம் அவள் கேட்பதில்லை. அந்த வலி நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

இன்று மாதாந்திர கரண்ட் கட். தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. காதுக்குள்ளேயே குடியிருந்த அந்தத் தடதடப்பு காலையில் சட்டென்று அறுந்ததும், இத்தனை நாளும் அது எதை எதையெல்லாம் மூடி வைத்திருந்தது என்பது ஒவ்வொன்றாகக் காதில் விழ ஆரம்பித்தது: ஓட்டின்மேல் காக்கை நடப்பது, பானையில் சொட்டும் தண்ணீர், அவன் மூச்சு நெஞ்சுக்குள் எங்கேயோ இடறி இடறி ஏறுவது. வெளியே மேகம் கருத்து, பகல் வீட்டுக்குள் வரத் தயங்கி நிலைப்படியோடு நின்றுவிட்டது. மருந்து வாடையும் மூத்திர வாடையும் நிறைந்த அறைக்குள், புதுமழை விழுந்த கரிசல் மாதிரி ஒரு மணம். மழை இன்னும் பெய்யவில்லை.

பக்கத்து வீட்டு ஞானபூரணம் கஞ்சி கொண்டுவந்தாள். கட்டிலைப் பார்த்து வாய்க்குள் ஜெபம் பண்ணினாள்.

"அழாதீங்கக்கா. கர்த்தர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. ஒண்ணு விடாம பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு."

ஆறுதலாகத்தான் சொன்னாள். அவளை வாசல்வரை விட்டுத் திரும்பினபோது கண்மலர் மறுபடியும் கட்டிலைப் பார்த்திருந்தது.

சங்கரலிங்கத்துக்கு வலி ஏற ஆரம்பித்தது. முதலில் கால்விரல்கள் மடங்கும், பிறகு தாடை இறுகும், பிறகு அடிவயிற்றிலிருந்து மாடு கதறுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்ததும், அதற்கு அடியில், மிக மெல்லியதாக இன்னொன்று கேட்டது. கோடையில் வெடித்த மண்ணில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் வருமே, சுர்ர் என்று. அந்தச் சத்தம்.

அவன் ஓய்ந்தான். அதுவும் ஓய்ந்தது.

திரும்பவும் கதறினான். சுர்ர்.

இசக்கிச்செல்வி தவழ்ந்து போய் உருண்டையைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. சுட்டது. தேங்காய் அளவு பிடித்தது, அவன் கதறக் கதற வளர்ந்து இப்போது அவள் இடுப்பு உயரம் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. சிமெண்டுத் தரையைப் பிளந்து உள்ளே வேர் விட்டிருந்தது.

இத்தனை வருஷம் பால் ஊற்றினாள், மாவிளக்கு ஏற்றினாள், மண்சோறு தின்றாள். எல்லாம் சாமிக்குக் கேட்டிருக்கிறது. வழி தெரியாமல் இல்லை, கண் தெரியாமல் இல்லை. எந்தெந்த வீட்டில் யார் யார் கதறுகிறார்கள் என்று நன்றாகத் தெரியும். வலியை நிறுத்த வரவில்லை அது. வலிக்காகத்தான் வந்திருக்கிறது. இவளே இலை போட்டு உட்கார வைத்திருக்கிறாள்.

"வந்துட்டானாட்டி?" என்றான் சங்கரலிங்கம். கண் மூடித்தான் இருந்தது.

"யாரு?"

"உன் ஆளுதான். தலமாட்டுல உக்காந்திருக்கான். நான் கத்தும்போது நல்லாக் குனிஞ்சு கேக்கான்."

"கத்தாதீய. பல்லக் கடிச்சுக்கோங்க. கத்தினா அது போவாது."

"எப்படிட்டி கத்தாம இருக்க." அவன் சிரிக்கப் பார்த்தான். "நீயே சொல்லு."

கால்விரல்கள் மடங்கின.

அவள் கட்டிலில் ஏறி அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். தாடை இறுகியது. வாயைப் பொத்தினாள். ஒரு சொட்டுக்கூட அதற்குக் கிடைக்கக் கூடாது. கைக்குள் சத்தம் முட்டியது. இன்னும் அழுத்தினாள். மூக்கோடு சேர்த்து அழுத்தினாள்.

"கொஞ்சம் பொறுங்க. கொஞ்ச நேரம்."

அவன் கை எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. தள்ளவில்லை. பிடித்துக்கொண்டது. பிறகு விட்டுவிட்டது.

சுர்ர் இல்லை.

மூச்சு இடறுகிற சத்தமும் இல்லை.

வெகு நேரம் கழித்துத்தான் உள்ளங்கையை எடுத்தாள். எச்சில் ஈரம் ஆறியிருந்தது. "ஏங்க" என்றாள். வாய் திறந்தே கிடந்தது. கன்னத்தைத் தட்டினாள். தலை அவள் தட்டின பக்கம் சாய்ந்தது.

அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு கதறல் கிளம்பியது. நெஞ்சுக்கு ஏறியது. தொண்டைக்கு வந்தது.

மண் வேரோடு அசைந்தது.

வெள்ளிக் கண் இரண்டும் கட்டிலை விட்டு, மெதுவாக, அவள் முகத்துக்கு ஏறின. இமை இல்லை. மூடத் தெரியாது.

இசக்கிச்செல்வி முந்தானையை அள்ளி வாய்க்குள் திணித்தாள். கடித்தாள். மூக்கால் மூச்சு விட்டாள். மடியில் அவன் கனத்துக்கொண்டே போனான்.

அது பக்கத்தில் வந்து, நன்றாகக் குனிந்து, காத்திருந்தது.