அருண்ராஜின் ஐடி

அருண்ராஜ் கடைசியாக லாகின் செய்த தேதி, இன்றைய தேதியாக இருந்தது.

யுவராணி பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து பார்த்தாள். மாறவில்லை. போன புயலின்போது உப்பளத்துச் சாலையில் பைக்கோடு வெள்ளத்தில் போனவன் அருண்ராஜ், அவள் கணவன். பைக் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் காரியம் செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. அவள் நெற்றிப் பொட்டும் அப்படியே இருந்தது.

இருவருக்கும் ஒரே கம்பெனி. ஊழியர்களின் ஐடிகளைத் திறப்பதும் மூடுவதும் அவள் வேலை, மரக்காணத்து வீட்டிலிருந்தே. எத்தனையோ பேருடையதை மூடியவள் அவனுடையதை மட்டும் தொடாமல் விட்டிருந்தாள். காலையில் டீம் லீடர் ரேகா போன் செய்தாள்.

“தப்பா எடுத்துக்காத யுவா. ஆடிட் வருது. அருண் ஐடி இன்னும் ஆக்டிவ்ல இருக்குது. க்ளவுட்லேர்ந்து டீடெய்ல்ஸ எடுத்து அனுப்பிட்டு டிசேபிள் பண்ணணும். நான் வேணா பண்ணட்டுமா?”

“வேணாங்க. நானே பண்ணிட்றேன்.”

சொன்னவள் சாயங்காலம் வரை தள்ளிப்போட்டாள். மாமியார் வேலம்மாள் இரும்பைக் கோயிலுக்குப் போயிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பாத்திகள் முழுக்க உப்பு விளைந்து, இறங்குவெயிலில் கண்ணைக் கூசவைத்தது, காற்று செத்துப்போயிருந்தது, கழிவெளி ஏரியிலிருந்து சேற்று வாடை சுவரில் ஈரம் ஏறுவதுபோல மெல்ல வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

எவனோ பாஸ்வேர்டைத் திருடியிருக்கிறான். அப்படி நினைத்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பாஸ்வேர்டை மாற்றினாள். விவரங்களை மறுபடி எடுத்தாள்.

லாகின் ஆகியிருந்தது. சற்றுமுன்.

போன், அவனோடு தண்ணீரில் போன அதே போன். சரிபார்த்த விதம், கைரேகை. இடம், மரக்காணம்.

ஆபீஸ் சாட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

“யுவா.”

அவள் கை வாயைப் பொத்திக்கொண்டது.

“வீடு தெரியல யுவா. எல்லாம் வெள்ளையா இருக்குது. எந்தப் பக்கம் வரணும்?”

அவன்தான். அவளை யுவா, யுவா என்று வரிக்கு வரி கூப்பிடுகிறவன். கண்ணீர் வழிய டைப் செய்தாள். “எங்கங்க இருக்கீங்க?”

“பாத்திக்குள்ள. ரொம்ப நாளா நடக்கறேன். கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது. ஒரு லைட்டு தெரியுது. நம்மளுதா?”

அவள் தலைக்கு மேல் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

வெளியே உப்பு நொறுங்கியது. நறநற. நின்றது. மறுபடி, இன்னும் கிட்டத்தில்.

தினமும் சாமியிடம் கேட்டது இவனைத்தான். எப்படியாவது வந்துவிடட்டும் என்றுதான் கேட்டாள். ஆனால் ஜன்னல் வழியே வந்த வாடை அவனுடையது இல்லை. நாள்பட ஊறிப்போன ஏதோ ஒன்றின் வாடை.

“கிட்ட வந்துட்டேன் யுவா.”

நறநற.

விரல் தானாக நகர்ந்தது. டிசேபிள். உறுதியா என்று கேட்டது. ஆம்.

பச்சைப் புள்ளி அணைந்தது. காலடி நின்றது.

மேஜைமேல் தலை கவிழ்ந்து அழுதாள். என்ன செய்துவிட்டேன். வந்தவனை என்ன செய்துவிட்டேன்.

எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

வேலிக்கு அப்பால், வரப்பின்மேல், அவன். அன்று அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டை, விறைத்து, உப்பேறி.

“ஏங்க.”

திரும்பவில்லை.

“அருண்!”

அந்தப் பெயர் தன்னுடையது என்றே அவனுக்குத் தெரியவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். கண் இருந்த இடத்தில் உப்பு. வாய் திறந்தது. ஈர உப்பு கொட்டியது.

“அம்மா,” என்றான், வழி கேட்கும் வெளியூர்க்காரனின் பணிவோடு. “நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?”



அவன் கையைக் கட்டிக்கொண்டு, பதிலுக்காக நின்றான்.