மகிழன் ஏன் திரும்பவில்லை?

மகிழனின் கையில் விரல்கள் பதிந்த சிவப்புத் தடம் இருந்தது. சட்டையைக் கழற்றும்போதுதான் அம்மா அதைப் பார்த்தாள்.

"யாருடா பிடிச்சது?"

"டீச்சர்" என்றான் மகிழன். நான்கு வயதுப் பிள்ளை. அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

அம்மா முனீஸ்வரியின் முகம் மாறிப்போனது. "வேல்விழி! நீதானே தம்பியக் கூட்டிட்டு வந்தே? டீச்சர் என்ன சொன்னாக?"

வேல்விழி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா விடியும் முன்பே திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போய்விடுவாள். அதனால் தம்பியைப் பால்வாடியில் விடுவதும் கூட்டி வருவதும் வேல்விழிதான்.

"உங்க அம்மாவ வரச் சொல்லுன்னு மட்டும் சொன்னாகம்மா."

"பிள்ளை மேல கை வச்சுட்டு என்னைய வரச் சொல்றாகளா? வர்றேன். நாளைக்கு வேலைக்குப் போகல. நல்லாக் கேட்டுட்டு, இவன் பேரையும் வெட்டிட்டு வந்திடறேன்!"

வேல்விழியால் நம்ப முடியவில்லை. தேவயானி டீச்சர் பிள்ளைகளை அடிக்கிறவர் இல்லை. மகிழன் அழுத நாட்களில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டேதான் மற்றப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். ஆனால் கையில் தடம் இருக்கிறதே!

படுக்கும்போது தம்பியிடம் மெதுவாகக் கேட்டாள். "டீச்சர் எதுக்குடா கையப் பிடிச்சாக?"

அவன் பதிலே சொல்லவில்லை. வீம்பு செய்கிறான் என்று நினைத்து, மறுபக்கம் போய்ப் படுத்துக்கொண்டு மறுபடி கேட்டாள்.

"டிராக்டர் வந்துச்சு" என்றான் உடனே. அப்படியே தூங்கிப்போனான்.

காலையில் மகிழனைத் தூக்கிக்கொண்டு அம்மா பால்வாடிக்கு விறுவிறுவென்று நடந்தாள். வேல்விழி பின்னாலேயே ஓடினாள். டீச்சர் பாய் விரித்துக்கொண்டிருந்தார்.

"என் பிள்ளைய எதுக்கு அடிச்சீக?"

"அடிக்கலக்கா, இழுத்தேன். பந்து பின்னாலேயே ரோட்டுக்கு ஓடிட்டான். எதுத்தாப்புல டிராக்டர் தடதடன்னு வருது. கத்திக் கத்திக் கூப்பிடறேன், திரும்பவே இல்ல. பாய்ஞ்சு போய் இழுத்தேன். இப்பல்லாம் கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறான். அதைப் பேசத்தான் வரச் சொன்னேன். காது கேக்குதான்னு..."

"என் பிள்ளையச் செவிடுங்கிறீகளா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "வீட்ல நான் குசுகுசுன்னு பேசினாலும் அவனுக்குக் கேக்குது!"

"இங்கன கேக்கலையேக்கா!" டீச்சரின் குரலும் உயர்ந்தது. ஒரு குட்டிப் பாப்பா பயந்துபோய் அழ ஆரம்பித்தது.

"வா ஆத்தா, போவோம்!" அம்மா வேல்விழியின் கையைப் பிடித்தாள்.

வேல்விழி நகரவில்லை. அம்மா பொய் சொல்ல மாட்டாள். டீச்சரும் சொல்ல மாட்டார். அப்படியென்றால்? நேற்று ராத்திரி இந்தப் பக்கம் கேட்டபோது பேசாதவன், அந்தப் பக்கம் கேட்டதும் பேசினானே!

"அம்மா, ஒரு நிமிஷம் நில்லும்மா!"

அம்மா இடுப்பிலிருந்த தம்பியை இறக்கிவிட்டு, அவன் முன்னால் பால்வாடி விளையாட்டு மரக்கட்டைகளைப் பரப்பினாள். அவன் அடுக்கத் தொடங்கியதும், பின்னால் இடது காதுப் பக்கமாக நின்று மெதுவாகக் கேட்டாள்.

"மகிழா, முறுக்கு வேணுமா?"

அவன் அடுக்கிக்கொண்டே இருந்தான். முறுக்கு என்றால் தூக்கத்திலிருந்தும் எழுந்து வருகிறவன்!

வேல்விழி வலது பக்கம் வந்து, இன்னும் மெதுவாகக் கேட்டாள்.

"மகிழா, முறுக்கு வேணுமா?"

கட்டைகள் சரிந்தன. "எங்க? எங்க?" என்று திரும்பினான் மகிழன்.

அம்மா அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"மழைக்காலத்துல காய்ச்சல் வந்தப்ப, அந்தக் காதுல சீழ் வடிஞ்சுச்சு டீச்சர். நின்னுபோச்சேன்னு விட்டுட்டேன். வீட்ல எந்நேரமும் ஒட்டிக்கிட்டே கெடப்பான். எனக்குத் தெரியவே இல்ல."

டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "சீழ் வடிஞ்சது எனக்குத் தெரியாதேக்கா. வேல்விழிகிட்டச் சொல்லி விட்டுட்டுச் சும்மா இருந்தேன் பாருங்க. நானே வீட்டுக்கு வந்திருக்கணும்."

அன்றைக்கே அம்மா மகிழனைக் கம்பம் ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ஸில் கூட்டிப் போனாள். காது டாக்டரை எங்கே பார்க்க வேண்டும் என்று டீச்சர் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். காதுக்குள் சீழ் கட்டியிருக்கிறது, மருந்திலேயே சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

மருந்து முடிந்து, காதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துவிட்டது. இப்போதெல்லாம் தோட்டத்தில் வேலை இல்லாத நாளென்றால் அம்மாதான் மகிழனைப் பால்வாடியில் விட்டு, அப்படியே வேல்விழியைப் பள்ளிக்கும் கூட்டிப் போகிறாள். பால்வாடிக்கு வந்தால் டீச்சரிடம் பேச்சு முடிவதே இல்லை. வீட்டில் அவன் என்ன சாப்பிட்டான், இங்கே என்ன பாடினான் என்று போய்க்கொண்டே இருக்கும்.

"அம்மா, எனக்கு ஸ்கூல் பெல் அடிச்சிரும்! வாம்மா!" வேல்விழி வாசலில் நின்று கத்தினாள்.

ரெண்டு பேரும் திரும்பவே இல்லை.

மகிழன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, இவுகளுக்கு ரெண்டு காதுமே கேக்கல!"