பாண்டிராஜின் கைச்சக்கரம்

“மோதிரம் தட்டுற சத்தம் உங்களுக்குக் கேக்கலயா அத்தான்?”

“எந்த மோதிரம்?”

“சக்கரத்தத் திருப்பும்போது இரும்புல டிக்குன்னு தட்டும்ல. அவுக கைமோதிரம். இப்பவும் தட்டுது.”

செழியன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பட்டறை வாசலில் டீ டம்ளரோடு நின்றவள் அவனுடைய தம்பி பாண்டிராஜின் மனைவி முத்துப்பேச்சி. பாண்டிராஜ் இறந்து மழைக்காலம் ஒன்று போய்விட்டது. லேத் என்கிற கடைசல் இயந்திரத்தின் கைச்சக்கரங்களை இப்போது யாரும் தொடுவதில்லை. பின்னால் பொருத்திய சின்ன மோட்டார்கள் பெல்ட் வழியாக அவற்றைத் திருப்புகின்றன. மோட்டாருக்கு விரல் கிடையாது.

“பெல்ட்டா இருக்கும் பேச்சி. இறுக்கி விடுறேன்” என்றான்.

பெல்ட் புதிது. அந்தச் சத்தம் அவனுக்கும் கேட்டிருந்தது.

செழியனுக்கு லேத் ஓட்டத் தெரியாது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறவன் அவன். கம்ப்யூட்டர் மட்டும்தான் தெரியும். விஸ்வநத்தத்தில் வீட்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருந்த லேத் தம்பியுடையது. பட்டாசு அறைகளுக்குள் இரும்பு போகக்கூடாது, உரசி ஒரு பொறி பறந்தால் போதும். அதனால் வெடிமருந்தைத் திணித்துக் கெட்டிக்கும் குச்சிகளைப் பாண்டிராஜ் பித்தளையில் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தான். லேத்தைக் கம்ப்யூட்டரோடு இணைக்கலாம் என்று இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். முதலில் கைச்சக்கரங்களில் சுற்றை எண்ணும் கருவிகளை மாட்டினார்கள். பாண்டிராஜ் ஒரு குச்சியைக் கையால் கடைந்தான். எந்தச் சக்கரம் எப்போது எவ்வளவு திரும்பியது என்பதைக் கம்ப்யூட்டர் பதிந்துகொண்டது. மோட்டார்களை மாட்டிவிட்டால் அதே அசைவுகளை அவை திரும்பச் செய்துவிடும்.

“ஏண்ணே, என் கையக் காப்பி எடுத்துட்டு என்னைய வீட்டுக்கு அனுப்பலாம்னு பாக்கியா?” என்று கேட்டான் பாண்டிராஜ்.

“வீட்டுலதானலே இருக்க. இன்னும் எங்கன அனுப்ப?”

பேச்சி அடுப்படியிலிருந்து சிரித்தது கேட்டது.

மோட்டார்கள் வந்து சேர்வதற்கு முன்பே அது நடந்தது. குச்சிகளைக் கொடுக்க அச்சங்குளத்துப் பட்டாசு ஆலைக்குப் போன பாண்டிராஜ், அளவு சரிதானா என்று பார்க்க மருந்து அறைக்குள் காலெடுத்து வைத்திருக்கிறான். அறை வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அவிழ்க்க வேண்டாம் என்றார்கள். பேச்சி துணியின் மேலேயே தடவிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி, “வலது கை எங்க அத்தான்?” என்று கேட்டாள்.

சாயங்காலம் வரை தேடினார்கள். கருகிய புல்லிலும் வேலிக்கருவை முள்ளுக்குள்ளும் பார்த்தார்கள். கை இல்லாமல்தான் எரித்தார்கள்.

வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகு, வேறென்ன செய்வதென்று தெரியாமல், செழியன் மோட்டார்களை மாட்டினான். அவற்றை முதன்முதலாக ஓட்டிய மத்தியானம், கூரையிலிருந்து இறங்கிய வெக்கையும் சூடான எண்ணெயின் வாடையும் பித்தளைச் சீவல்கள் தரையில் உதிரும் சத்தமும் எல்லா நாளையும் போலவே இருக்க, கைச்சக்கரம் மெல்ல முன்னே திரும்பி, கொஞ்சம் பின்வாங்கி, வேர்வையைத் துடைக்க ஒருவன் நிறுத்துகிற அளவுக்கு நின்று, மறுபடியும் திரும்பியது. செழியன் கண்ணை மூடிக்கொண்டான். தம்பி எதிரே நின்றான். அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. பேச்சி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

“இன்னொரு தடவ ஓட்டுங்க அத்தான்.”

அன்றைக்கு அவள் சாப்பிட்டாள். துணிப்பொட்டலம் வந்த நாளிலிருந்து வயிறு நிறைய அவள் சாப்பிட்டது அன்றுதான். அதனால் அவன் தினமும் ஓட்டினான். கடைய வேலை இல்லாத நாளிலும், லேத்தில் பித்தளையே இல்லாமல், வெறும் சக்கரங்களை மட்டும் அவளுக்காக ஓட விட்டான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொள்வாள். அது அவள் கையைத் தூக்கிச் சுற்றி இறக்கும். அவள் முகத்தில் வரும் அமைதியைப் பார்த்துவிட்டு அவன் வேறுபக்கம் திரும்பிக்கொள்வான்.

பிறகு, அவள் கை பட்டால் சக்கரம் மெதுவாவதைக் கவனித்தான். மோட்டாருக்குப் பளு கூடுகிறது என்று நினைத்தான். இன்னொரு நாள் திரையில் ஓட்டம் முடிந்துவிட்டது, சக்கரம் நிற்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகக் கால் சுற்று திரும்பியது. காத்திருந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பியது. அவன் வயர்களை மாற்றினான், மோட்டாரை மாற்றினான், எர்த் கம்பியைப் புதிதாக இழுத்தான். எதுவும் குறையவில்லை. நனைந்த சாக்கில் கருகிய மருந்து ஒட்டினால் வரும் வாடை மட்டும் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருந்தது.

பேச்சியின் மணிக்கட்டில் நீலமாகக் கன்றிப் போயிருந்தது.

“என்னது இது?”

“வளையல் இறுக்கிருச்சு அத்தான்.”

புருஷன் செத்த வீட்டில் கழற்றிய வளையல்களை அவள் மறுபடி போடவே இல்லை.

ஏழாயிரம்பண்ணையில் இருந்த அவளுடைய அப்பா கோட்டைச்சாமிக்குச் செழியன் போன் செய்தான். மகளைக் கூட்டிப்போக மறுநாள் மத்தியான பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்.

“கொஞ்ச நாள் அங்கன இருந்துட்டு வா” என்றான் பேச்சியிடம். அவள் மெலிந்திருந்தாள். கன்னத்து எலும்புக்குக் கீழே நிழல் விழுந்திருந்தது. இந்த வீட்டில் இன்னொருவரைப் பறிகொடுக்க அவனால் முடியாது.

“நான் போனா அவுக யாரப் பிடிச்சுக்கிட்டு இருப்பாக?”

“அது மோட்டாரு பேச்சி. நான் சுவிட்ச்சப் போட்டாத்தான் ஓடும்.”

“நீங்க வேலைக்குப் போனப்புறமும் ஓடுதே அத்தான்” என்றாள், பால்காரர் வந்துவிட்டார் என்று சொல்வது போல.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் கரண்ட் போனது. அதற்காகத்தான் காத்திருந்தான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். கம்ப்யூட்டர் திரை இருண்டிருந்தது. காற்றாடி நின்ற பிறகு, வெயிலில் கூரை முறுகும் சத்தம் மட்டும் கேட்டது. பெல்ட்டுகளை அறுத்தான். இரண்டு மோட்டார்களையும் கழற்றினான். கைச்சக்கரங்களில் ஒன்றுமில்லை இப்போது. வெறும் இரும்பு. ஒன்றைச் சுண்டிப் பார்த்தான், கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றது. மோட்டார்களைத் தூக்கிக்கொண்டு போய் முன்னறை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான். முடிந்துவிட்டது என்று நினைத்தபோது தம்பியை இரண்டாவது முறையாக எரித்துவிட்டு வந்தது போலிருந்தது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதான்.

தெருவில் கோட்டைச்சாமியின் குரல் கேட்டது. யாரிடமோ, மகளைக் கூட்டிப்போக வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பேச்சி, அப்பா வந்துட்டாக.”

அடுப்படியில் அவள் இல்லை. அவளுக்காக எடுத்து வைத்த பை சுவரோரம் காலியாகச் சாய்ந்திருந்தது.

பின்னாலிருந்து ஒரு சத்தம். எண்ணெய் போட்ட இரும்பு இரும்பின் மேல் வழுக்கும் சத்தம். முன்னே. கொஞ்சம் பின்னே. ஒரு நிறுத்தம்.

செழியன் நடந்தான். கொல்லை வெயிலில் கண் கூசியது. பட்டறைக் கதவு திறந்திருந்தது.

பேச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியைச் சீவி, பூ வைத்திருந்தாள். வலது கை சக்கரத்தின் மேல்.

சக்கரம் சுற்றியது.

மோட்டார் இல்லை. பெல்ட் இல்லை. கரண்ட் இல்லை.

அவள் திருப்பவில்லை. அவள் தோள் தளர்ந்திருந்தது. முழங்கை தளர்ந்திருந்தது. கையை ஏதோ கொண்டுபோனது.

கருகிய மருந்தின் அந்த வாடை.

சக்கரம் நின்றது.

அவன் வந்ததை அது கவனித்துவிட்டது போல.

அவள் கையைப் பார்த்தான். புறங்கையில் நான்கு பள்ளங்கள். தோல் உள்ளே அமுங்கியிருந்தது. சுற்றிலும் ரத்தம் வற்றி வெளுத்திருந்தது. அவள் விரல்கள் ஒன்றையொன்று விட்டு அகன்றிருந்தன. இடையில் ஒன்றுமில்லை. இருந்தும் அவை சேர முடியாமல் நின்றன. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளங்கள் ஆழமாயின. கையின் எலும்பு மெதுவாக முறியும் சத்தம் கேட்டது.

அவள் முகம் சுளிக்கவில்லை.

முன்வாசலில் கோட்டைச்சாமி மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார்.

பேச்சி தலையைத் திருப்பிச் செழியனைப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

“நான் இல்லேன்னு அப்பாட்ட சொல்லிருங்க” என்றாள். “போகும்போது அந்தக் கதவ வெளிய பூட்டிருங்க அத்தான்.”